பட்டாளத்துக்காரர்களுக்கு நிறம் போட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர், கடைசியில் பல ஆண்டுகளாக அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். காதுகுத்து, கல்யாணம், காரியம் எதற்கும் அவர் வரவில்லை. என் மகள் கல்யாணத்துக்கே வரவில்லை. "பட்டாளத்துப் பென்ஷன் வருதில்ல, அந்தத் திமிரு" என்று மண்டபத்தில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. பந்தி நடந்துகொண்டிருந்த நேரம், பரிமாறப் போய்விட்டேன். அதற்கான பதிலையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலியனூரை ஒட்டிய எங்கள் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அம்மா நடவுக்குப் போகும் நாட்களில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அக்கா. பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றது. விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பஞ்சாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் கையாலேயே நிறம் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர் நின்றுபோகவே, முதலாளி பிரஷ்ஷை அக்கா கையில் கொடுத்தார். யார் படமாக இருந்தாலும் கன்னத்துக்கு ரோஸ், புடவைக்குச் சிவப்பு என்பது அந்த முதலாளியின் கணக்கு. அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் அன்றைய நிறம் ஒட்டியிருக்கும்.

மாமா திண்டிவனத்துக்காரர். வங்கதேசப் போருக்குப் போய்த் திரும்பி, விடுப்பில் வந்தபோது அக்காவைக் கட்டினார். தங்கமான மனிதர், ஆனால் பேச்சே கிடையாது. போரைப் பற்றி யாராவது கேட்டால், "போனோம், வந்தோம்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் காவல் வேலை பார்த்தார். குழந்தை இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல்.

அந்த வீட்டில்தான் ஒருநாள் காலை மாமா பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. இடது பக்கத்திலும் கை விரல்கள் மட்டும்தான் கொஞ்சம் அசைந்தன. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஒருமுறை தட்டினால் ஆமாம், இரண்டுமுறை தட்டினால் இல்லை. அதுதான் அவருடைய பேச்சு.

அக்கா கண்ணில் படவில்லை என்றால் மாமாவால் தாங்க முடியாது. தட்ட ஆரம்பிப்பார். நிறுத்தவே மாட்டார். மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும். நானோ என் மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், பலிக்கவில்லை. அக்கா குளிக்கும்போதுகூடக் கதவுக்கு அப்பாலிருந்து பேசிக்கொண்டே குளிப்பார். காய்கறி, மருந்து எல்லாம் கயிற்றுக் கூடையில் மேலே வரும். என் மகள் கல்யாணத்தை அவர் கைபேசியில்தான் பார்த்தார். முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

ஒருமுறை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். "மூச்சு முட்டுதுடா. அவரு கட்டில்ல கெடக்கறாரு, நான் செவுத்துக்குள்ள கெடக்கறேன். சில நாளு, போய்ச் சேந்துட்டா தேவலன்னு தோணுது. யாரு மொதல்லன்னு கூடத் தோணல." மறுநாள் போன் செய்து, "நேத்து சொன்னத மனசுல வெச்சிக்காத" என்றார். நான் மனதில் வைத்துக்கொண்டேன். அவரைத் தெய்வம், தியாகி என்று சொன்னால் அந்த வலி மறைந்துபோகும். அவர் மனுஷி. சிக்கிக்கொண்டார். கதவு திறந்தேதான் இருந்தது, ஆனால் போக முடியவில்லை.

பொழுது போகட்டும் என்று ஒரு பழைய கணினியை வாங்கி வைத்தேன். பழைய படங்களுக்கு அதுவே நிறம் போட்டுக் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு, கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து அக்காவே கற்றுக்கொண்டார். முதலில் எடுத்தது சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படம். போர் முடிந்த பிறகு அவருடைய பட்டாளக் கம்பெனி ஆட்கள் வரிசையாக நின்று எடுத்தது. கணினி போட்ட நிறத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வெளிர்த் தோல். "இது எல்லாரையும் ஒரே ஊட்டுப் புள்ளைங்களா ஆக்கிடுச்சே" என்றார். அதை அழித்துவிட்டுத் தானே போட உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் மாமாவிடம் கேட்டார்.

"பெல்ட்டு கறுப்பா?"

இரண்டு தட்டு.

"பச்சையா?"

ஒரு தட்டு.

"இந்தத் தலப்பாக்காரரு செவப்பா இருப்பாரா?"

ஒரு தட்டு.

கல்யாணமாகி அத்தனை ஆண்டில் மாமா அக்காவிடம் அவ்வளவு பேசியதில்லை. அந்தப் படத்தை மாமாவின் பழைய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, விக்கிரவாண்டி, செஞ்சி, மரக்காணம் என்று பல பக்கமிருந்தும் முன்னாள் ராணுவத்தினர் வீடுகளிலிருந்து படங்கள் வந்தன. படி ஏறி வந்தவர்களிடம் அக்கா வெளி உலகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எந்தத் தெருவில் என்ன கடை வந்தது, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, எல்லாம் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய மகனும் வந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் அதே வங்கதேசப் போரில் இறந்தவர். அப்போது இந்த மகன் வயிற்றில் இருந்தார், அப்பாவைப் பார்த்ததில்லை. ஊர் முனையில் அவருக்கு நினைவுக் கல்வெட்டு வைக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் மாட்டப் பெரிய படம் வேண்டும்.

மகன் சொன்னார். "போட்டோவுல ரொம்பக் கறுப்பாத் தெரியறாருங்கம்மா. கொஞ்சம் வெளுப்பா, எடுப்பாப் பண்ணிக் குடுங்க. நாலு ஊரு ஜனம் வந்து பாக்கப் போவுது."

அக்கா அந்த அம்மாவைப் பார்த்து, "அவரு என்னா நெறம் மா?" என்றார்.

அந்த அம்மா மகனின் கையைப் பிடித்துக் கணினிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். "இதான்."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா படத்தைக் கணினியில் ஏற்றி முகத்தைப் பெரிதாக்கினார். அப்போது மாமா தட்ட ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் இருக்கும்போது அவர் அப்படித் தட்டியதே இல்லை.

"என்னா? தண்ணியா?"

இரண்டு தட்டு.

மாமாவின் கண் கணினியின் மேலேயே இருந்தது. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இவர உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு தட்டு.

தட்டலின் அர்த்தத்தை அக்கா அந்த அம்மாவுக்குச் சொன்னார். அவர் எழுந்து கட்டிலோரம் வந்து நின்றார். "அவரு செத்தப்ப நீங்க இருந்தீங்களா?"

ஒரு தட்டு.

"குண்டு பட்டதும் ஒடனே போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு வந்து சொன்னாங்க. அப்பிடித்தானா?"

மாமாவின் விரல் அசையவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஒரு தட்டுத் தட்டிவிடட்டுமா என்று கேட்கும் பார்வை. அக்கா அவர் கையின் மேல் கை வைத்தார். "தெரிஞ்சத சொல்லுங்க. அது நம்முளுது இல்ல, அவங்களுது" என்றார்.

இரண்டு தட்டு. இடைவெளி விட்டு, மெதுவாக.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்மா நேரம் இருந்தாரு?" என்றார்.

அதைத் தட்டிச் சொல்ல முடியாது. அக்கா அந்தக் கேள்வியைப் பிரித்துக் கேட்டார். "ஒரு மணி நேரமா?" இரண்டு தட்டு. "பொழுது சாயற வரைக்குமா?" ஒரு தட்டு.

"நீங்க கூடவே இருந்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். ஒரு தட்டு.

"தண்ணி கேட்டாரா?" ஒரு தட்டு.

"குடுத்தீங்களா?" ஒரு தட்டு. இது மட்டும் இரும்பு அதிரும்படி இருந்தது.

"எதுனா சொன்னாரா? வயித்துல இருந்த புள்ளயப் பத்தி?"

ஒரு தட்டு.

"என்னா சொன்னாரு?"

மாமா வாயைத் திறந்தார். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. அது எங்கள் யாருக்கும் வார்த்தையாகக் கேட்கவில்லை. அந்த மகனுக்காக ஒருவர் சாகும்போது சொன்ன சொல் அந்த உடம்புக்குள்ளேயே இருந்தது, வெளியே வர வழியில்லை. அக்கா துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

"இத்தினி வருஷத்துல ஒரு தபா வந்து சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அந்த அம்மா. பிறகு அவரே, "செரி, உடுங்க. எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி. கேக்கத்தான் ஆளு இல்ல. தனியா சாவல இல்ல, அது போதும்" என்றார்.

மகன் அதுவரை மேசையருகிலேயே நின்றிருந்தார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்ததும் தன் கையை அவராகவே படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த நெறமே போடுங்கம்மா" என்றார். அக்கா அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த முகத்துக்கு நிறம் போட்டார். அந்தப் படம் இன்றும் அந்த ஊர் முனையில் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து மாமா காலமானார். இனி அக்கா எங்களோடு விழுப்புரத்தில் இருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். வந்தார், ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. "கீழ எறங்கினா எங்கியோ தட்ற சத்தம் கேக்குதுடா" என்றார். திரும்பிப் போய் அந்த அறையிலேயே இருந்தார். காலி கட்டிலைக்கூட எடுக்க விடவில்லை. படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோதே நாள் கடந்துவிட்டிருந்தது. கடைசியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் மனைவியின் கையைப் பிடித்தபடி, பெரிய வேதனை இல்லாமல் அடங்கினார்.

அக்காவின் கயிற்றுக் கூடையை ஒருநாளும் காலியாக மேலே போக விடாத கீழ்வீட்டுக் குடும்பத்தாருக்கு எங்கள் நன்றி. மாமாவைத் தூக்கிக் குளிப்பாட்ட வந்துபோன பழைய பட்டாளத்து நண்பர்களுக்கும், தங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஒரே படத்தை நம்பி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களுக்கும் நன்றி. மாமா போன பிறகும் மாதம் தவறாமல் திருவக்கரையிலிருந்து பேருந்து ஏறி வந்து, ஒன்றும் பேசாமல் அக்காவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போன அந்த அம்மாவுக்கு எப்படிச் சொன்னாலும் தீராது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது. அக்காவைத் திண்டிவனத்திலிருந்து அழைத்து வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும், "கொஞ்சம் வெளிய பாக்கணும்டா" என்று அக்கா கேட்டார். கண்ணாடி முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் மறுப்பே சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டி, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கிடந்தது. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தினி வருஷமா பச்சையத் தப்பாப் போட்டுக்கினு இருந்திருக்கேன்டா" என்றார்.

அந்த ஓட்டுநர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். "அவங்க போதும்னு சொல்லட்டுங்க, அப்பறமா போவலாம்" என்றார். அக்கா போதும் என்று சொல்லவே இல்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். அவர் வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

அவருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
தம்பி
விழுப்புரம்