எலியேசர் மறைத்த கறுப்பு விண்டோ

மவுஸைக் கவிழ்த்து அதன் வயிற்றைச் சட்டை நுனியால் துடைத்த பிறகுதான் எலியேசர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்பார்: "இன்னாப்பா, உடம்புக்கு இன்னா?" பக்கத்தில் நிற்கும் ஆளிடம் கேட்பதில்லை. "அவங்க பொய் சொல்வாங்க. 'நான் ஒண்ணுமே பண்ணல சார்'. எல்லா எடத்துலயும் ஒரே டயலாக்கு."

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் மூன்று கிளினிக், ஒரு தோல் பைப் பட்டறை, பத்திரம் டைப் அடிக்கும் ஒரு கடை, நான் ரத்தம் எடுக்கும் லேப், எல்லாவற்றுக்கும் அவர்தான் கம்ப்யூட்டர்காரர். வயது நாற்பத்தேழு. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் யாராவது போனை நீட்டி, "ஹேங் ஆவுதுண்ணா" என்று காட்டிவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுவதும் அவரே. ஆனால் பாட மாட்டார். "நான் போட்டாத்தான் அவங்களுக்கு அடுத்த வரி. நானும் பாடிகினு இருந்தா லேட்டாயிடும்."

எங்கள் லேபுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் இருபது வரிகூட இருக்காது. மெஷின் தரும் ரிசல்ட்டை எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் அனுப்பும். அது ஓடும்போது திரையில் கறுப்பாக ஒரு விண்டோ திறந்திருக்கும். அதை மூடினால் ஸ்கிரிப்டும் நின்றுவிடும்.

வரவேற்பு மேசையில் இருப்பவர் கிளியம்மாள் அக்கா. காலையில் திரையைத் துடைத்து, மேல் விளிம்பில் குங்குமம் வைத்துவிட்டு, முதல் வேலையாக அந்த விண்டோவை மூடிவிடுவார்.

"கடைய தொறந்ததும் கருப்பா ஒண்ணு வந்து நிக்குதுப்பா. நல்லாவா கீது?"

"அதுதாங்க்கா ரிப்போர்ட்டு அனுப்புது" என்றார் எலியேசர்.

"அனுப்பட்டும். வெள்ளையா வந்து அனுப்பச் சொல்லு."

எலியேசர் அதை வெள்ளையாக்கிக் கொடுத்தார். அக்கா விளம்பரம் என்று நினைத்து அதையும் மூடினார். ஐந்தாவது முறை வந்தபோது அவர் தனியாக ஒரு இரண்டு வரிக் கோப்பை எழுதிச் சேர்த்தார். இனி ஸ்கிரிப்ட் ஓடும். விண்டோ மட்டும் திரைக்கு வராது. "கண்ணுல பட்டாத்தானே கை போவும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்காவிடம், "இனிமே அது வராதுக்கா" என்றதோடு சரி. முதலாளி தோத்தாத்ரி சாரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் கொடுத்தே அரை நாள் போய்விடும்.

ஏழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லேபில் இன்டர்நெட் மோடத்தை மாற்றினார்கள். ஸ்கிரிப்ட் பழைய வழியிலேயே அனுப்பப் பார்த்துத் தோற்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தோற்று, அந்தச் செய்தியை யாரும் பார்க்க முடியாத விண்டோவில் எழுதிக்கொண்டே இருந்தது. நேரில் வந்து கேட்டவர்களுக்குப் பிரிண்ட் கிடைத்ததால் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சிட்லபாக்கத்திலிருந்து கோகிலவாணி என்ற பெண் வந்தார். அவருடைய அப்பாவுக்கு சோடியம் மிகவும் குறைந்திருந்த ரிசல்ட் டாக்டரிடம் போய்ச் சேரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்தார். "கண்ணு முழிச்சுட்டார். அதனாலதான் கத்தாம பேசறேன்" என்றார் அந்தப் பெண்.

தோத்தாத்ரி சார் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கிளியம்மா, மறுபடியும் அதை மூடினியா?"

"நான் மூடல சார். அது இப்பல்லாம் வர்றதேயில்ல."

"வராம எப்படி ரிப்போர்ட் போகும்? தினம் மூடினவ நீதானே? நாளைலேர்ந்து வர வேண்டாம்."

தவறு நேர்ந்தால் எழுதி வைப்பதற்கென்று ஒரு நீளப் பதிவேடு உண்டு. அதில் 'காரணமானவர்' என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினார். அக்கா டிராயரைத் திறந்து டிபன் டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

எலியேசர் வந்து கோளாறைச் சரிசெய்ய நான்கு நிமிடம் ஆயிற்று. தேங்கியிருந்த ரிசல்ட்டெல்லாம் வரிசையாகப் போயின. அத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மூன்று கிளினிக்குகளும் தோத்தாத்ரி சார் சொல்லித்தான் அவருக்குக் கிடைத்தவை.

"சார், அக்காவால மூட முடியாது. மூடறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நான்தான் மறைச்சி வச்சேன்."

"மறைச்சு வச்சீங்களா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார். அந்த விண்டோ இருந்திருந்தா வெள்ளிக்கிழமையே எர்ரர்னு வந்து நின்னிருக்கும். அக்காவே போன் போட்டு என்னைத் திட்டியிருக்கும்."

"உங்களை நம்பி மூணு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். தெரியுமோன்னோ?"

"தெரியும் சார்."

கிளியம்மாள் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, அப்ப இத்தினி நாளா அது உள்ளயேதான் இருந்துச்சா?"

"ஆமாங்க்கா."

பதிவேடு திறந்தே கிடந்தது. எலியேசர் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து வைத்து, கட்டத்திலிருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். இடம் போதாமல், கீழ்க் கட்டத்தில் போன் நம்பரையும் எழுதினார்.