பொட்டு வைத்த வாத்து

என் மருமகன் நந்தகுமார் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். வண்டி திருச்செங்கோட்டாருடையது. ஆனால் அது நிற்பதெல்லாம் வடக்கே ஏதாவது ஒரு பொட்டல் காட்டில்தான். அங்கே மழை பிடித்துவிட்டால் வேலை இருக்காது, இங்கே மோகனூருக்கு வந்துவிடுவார். இந்த வருஷம் வரவில்லை. வண்டிக்குக் காவல் வேண்டும் என்று அங்கேயே இருந்துகொண்டார். மாசியில் என் மகள் கயல்விழி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் அவருக்கு இந்த வீடு ஆகவில்லை.

காரியம் முடிந்து அவர் கிளம்பியபோது பேத்தி யாழினி தன் ரப்பர் வாத்தை அவர் பைக்குள் திணித்தாள். கயல்விழி தேர்த்திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்தது. மஞ்சள் நிறம், அமுக்கினால் கீச்சென்று கத்தும்.

போனில் கூப்பிட்டால் அப்பனும் மகளும் "ம்" என்பதோடு சரி. ஒருநாள் பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு படம் மட்டும் வந்தது. இரும்புக் குழாய் அடுக்கின் மேல் வாத்து நின்றது. யாழினி வெகுநேரம் பார்த்துவிட்டு என் போனில் குரல் பதிந்து அனுப்பினாள்.

"அப்பா, வெய்யில் பின்னால இருக்குது, மூஞ்சி கருப்பாத் தெரியுது. வாலையே காணோம். மறுக்கா எடுங்க."

மறுபடியும் எடுத்து அனுப்பினார். அதிலிருந்து இதுதான் அவர்கள் பேச்சு. குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் வாத்து, இரும்புத் தொப்பிக்குள் தூங்கும் வாத்து, துளைக் குழியின் விளிம்பில் வாத்து.

"குழிக்குள்ள உழுந்துருமோன்னு பயமா இருக்கோணும். இது பஸ்சுக்கு நிக்கற மாதிரி நிக்குது" என்றாள்.

வண்டியில் சமைக்கிற மணிமாறனும் ஒருதரம் குரல் அனுப்பினான். "பாப்பா, உங்கப்பன் சேத்துல படுத்துக்கிட்டு வாத்துக்கு அழகு பாக்கறான். சோத்துக்குக் கூப்பிட்டா காது கேக்கறதில்லை!"

எனக்கு இது பிடிக்கவில்லை. "மாப்பள, வாத்தை ஓரமா வெச்சுட்டுப் புள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசுங்க" என்றேன்.

"என்னத்தப் பேசறதுங்க அத்தை?"

இங்கேயும் அப்படித்தான். பொழுது விடிந்தால் எழுந்தோம், சோறு வைத்தால் தின்றோம். கயல்விழியின் சேலை ஒன்று கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு ரிக்கைக் கழுவி, குழாய், கம்பரசர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போடுவார்கள். ஒரு சாமானையும் விடமாட்டார்கள். இவர் வாத்தையும் விடவில்லை. நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் செவ்வந்திச் சரம் சுற்றி, வண்டிக் கண்ணாடியில் சாய்த்து நேராக எடுத்திருந்தார். வெளிச்சம் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

யாழினி படத்தைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். அங்கே கயல்விழியின் படம், நெற்றியில் பொட்டு, சுற்றிலும் பூ. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாத்து செத்துப்போச்சா அம்மாயி?" உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இல்லை சாமி, அது பூசைக்கு வெச்ச பொட்டு."

"அம்மாளுக்கும் அதேதான வெச்சீங்க."

அதன்பின் வந்த படம் ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. மணிமாறன் கூப்பிட்டான். "ஏனுங்கம்மா, பாப்பா பேசறதே இல்லீங்க? இவன் போனைப் பாத்துட்டே உக்காந்திருக்கானுங்க."

மருமகனிடம் கொடுக்கச் சொல்லி நடந்ததைச் சொன்னேன்.

"ஸ்பேனருக்கு வெச்சேன், அதுக்கும் வெச்சனுங்க அத்தை" என்றார். பிறகு, "நீங்களே அவளுக்குச் சொல்லிருங்க."

"நான் சொன்னது எடுபடலைங்க. இனி சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லோணும்" என்று போனைப் பிள்ளையின் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் வாத்தை அமுக்கினார், கீச். மறுபடியும் கீச். எனக்கே கேட்டது.

யாழினி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொட்டை அழிச்சுட்டு எடுங்கப்பா. வாலும் தெரியோணும்."

"செரி சாமி."

அவ்வளவுதான் பேசினார்கள். சாயங்காலம் படம் வந்தது. சோப்பு நுரைக்குள் வாத்து, கோணலாக. நெற்றியில் சிவப்பு முழுதும் போகவில்லை.

"இன்னுந் தேய்க்கோணும்" என்று குரல் அனுப்பிவிட்டுச் சோறு கேட்டாள். போட்டேன்.