இடது ஓரத்தில் ராயப்பராஜ்

ராயப்பராஜ் பட்டாளத்தில் சேர்ந்தது நாட்டைக் காப்பாற்ற அல்ல, பந்து விளையாட. இதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. அவனுடைய அப்பா பேகம்பூர் தோல் ஷாப்பில் தோல் ஊறும் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். மகனும் அதே தொட்டிக்குள் இறங்க வேண்டியவன்தான். இடது கால் அவனைக் காப்பாற்றியது. எங்கள் திண்டுக்கல் கால்பந்து டீமில் அவன் இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட், நான் கோல் காக்கும் கோலி. ஓரக் கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டுபோய், கால் விரல்களால் ஒரு சுண்டு சுண்டி உள்ளே திருப்புவான். எப்படிடா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. 1960இல் ஒரு போட்டியில் பட்டாளத்து அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ரெஜிமெண்ட் டீமுக்கு வா என்று கூப்பிட்டார்.

"சோறு போட்டு, சம்பளமும் குடுத்து, பந்து வெளையாடச் சொல்றாங்க மூக்கையா. எவன் விடுவான்?" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் ஸ்டேஷனில் நின்று சிரித்த முகமாகத்தான் கையாட்டினேன்.

இரண்டு வருஷம் நன்றாக ஆடினான். அடுத்து டெல்லியில் ஆட்டம் என்று கடிதம் போட்டான். அதற்குள் சீனாவுடன் சண்டை வந்துவிட்டது. பந்து விளையாடப் போனவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பனிமலைமேல் ஏற்றிவிட்டார்கள்.

அறுபத்து மூன்றில் திரும்பி வந்தான். முழங்காலில் பிசகு, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்றான். யாரும் குடைந்து கேட்கவில்லை. வந்த மறுவாரமே மைதானத்தில் வந்து நின்றான், காலில் பூட்ஸோடு.

நாங்கள் அத்தனை பேரும் வெறுங்கால் ஆட்டக்காரர்கள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது கேப்டன் ஜமால் முகமது போட்ட சட்டம்.

"என்னப்பு, பட்டாளத்துச் சோறு தின்னதும் நம்ம மண்ணு குத்துதோ?" என்றார் ஜமால்.

"பழகிப்போச்சு பாய். ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துக்கிறேன். முடியலைன்னா நானே போயிர்றேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேர்த்துக்கொண்டோம், ஆனால் பந்து மட்டும் கொடுக்கவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. துரை மாதிரி வந்தவன் நின்று பார்க்கட்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. இடது ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டே ஓடினான். என் கைக்கு எத்தனையோ தடவை பந்து வந்தது. அத்தனை தடவையும் வலது பக்கமாகவே உதைத்தேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல் எதிராளியிடமிருந்து தானே பறிக்கப் போய், பக்கத்தில் நின்ற நம்ம பெருமாள்சாமியின் காலை மிதித்துவிட்டான். நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. ஜமால் கோட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். ராயப்பராஜ் வெளியேறினான்.

அடுத்த வருஷம் ரெஃப்ரியாக வந்தான். ரெஃப்ரி பூட்ஸ் போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. நியாயமாகத்தான் ஊதுவான், அதனால் இரண்டு பக்கமும் வசவு வாங்குவான். ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கும்பலாக டீக்கடைக்குப் போவோம். அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போய்விடுவான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அறுபத்தாறில் கன்னிவாடியில் ஒரு போட்டி. முதல் பாதி முடிந்து முகம் கழுவ வாய்க்காலுக்குப் போனேன். தென்னைகளுக்குப் பின்னால் ராயப்பராஜ் உட்கார்ந்திருந்தான். இடது கால் பூட்ஸைக் கழற்றி, உள்ளே திணித்திருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

அவன் மறைக்கவில்லை.

"பனியில கால் மரத்துப்போச்சு. நம்மூர்க்காரனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சூடு பட்டாச் சரியாயிரும்னு நெருப்புல காட்டிக்கிட்டே இருந்தேன். வெந்ததே தெரியல."

"ஏலே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா?"

"சொல்லியிருந்தா அம்புட்டுப் பேரும் எனக்கே பந்தக் குடுத்திருப்பீங்க. நான் கோணலா அடிச்சாலும் கைதட்டியிருப்பீங்க. எனக்கு அது வேணாம். இந்தக் கால் இன்னும் ஆடுமா ஆடாதான்னு தெரியணும், அம்புட்டுத்தான்."

துணியை மடித்துத் திரும்ப உள்ளே திணித்தான். கயிற்றை இழுத்துக் கட்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தெரியாம இருந்தப்பவே எனக்கு ஒரு பந்து அடிச்சிருக்கலாம்ல மூக்கையா?"

இரண்டாம் பாதிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான்.