வாயாடியின் செய்முறைத் தேர்வு

டாக்ஸி நிறுவனத்தில் ஃபோன் எடுத்துப் பிழைத்தவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவள் அக்காதான். நாற்பது தாண்டியபின் அந்த வாயாடி, பழம்பொருள் பாதுகாப்பில் முதுகலை படிக்கப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். பழைய நாடக அரங்கின் சித்திரக் கதவில், புகைக்கரி படிந்த உள்ளங்கையளவு இடத்தை வண்ணம் கெடாமல் துடைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கரைப்பானைத் தொட்டுத் தேய்த்தாள். பஞ்சில் கரியோடு நீலமும் ஏறி வந்தது. இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் பட்டம் கிடையாது.

இம்முறை எச்சிலை நம்பினாள். விளையாட்டில்லை, சித்திரம் துடைப்பவர்களின் பழைய வழக்கம் அது. நாவில் நனைத்த பஞ்சு அழுக்கை மெல்லக் கரைக்கும், வண்ணத்தைக் கெடுக்காது.

"துப்பியா பட்டம் வாங்கப் போற?" காலையில் ஃபோனில் அக்கா கேட்டாள். "பரவால்லடி, உன் வாய்க்கும் ஒரு வேலை கிடைச்சுதே."

"சிரி, சிரி. சாயங்காலம் பேசறேன்."

ஆய்வகத்தில் தேர்வாளர் அம்மா, "ஏன் இந்த முறை?" என்று கேட்டதுதான் தாமதம். வாயாடி மடை திறந்தாள். கரி, எண்ணெய்ப்பசை, கைபட்ட அழுக்கு, ஓரத்து வார்னிஷ் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்துவிட்டுப் பஞ்சை நாவில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. பேச்சும் பயமுமாகச் சேர்ந்து வாய் பாலையாகக் கிடந்தது.

உள்ளே தண்ணீருக்கு அனுமதியில்லை. வெளியே போனால் தேர்வு முடிந்ததாகக் கணக்கு. கை தானாகக் கரைப்பான் பாட்டிலை நோக்கிப் போயிற்று. போன தடவை பஞ்சில் ஏறிய நீலம் கண்ணில் வந்து நின்றது. கையை இழுத்துக்கொண்டு உதடுகளை இறுக்கினாள். எலுமிச்சையை நினைத்தாள். நறுக்கிய எலுமிச்சையை நினைத்தாள். நாவின் அடியில் லேசாக ஊறியது.

அந்த நேரம் பார்த்துத் தேர்வாளர், "ஓரத்துல வார்னிஷ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

பதில் நுனிநாக்கில் நின்றது. வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. பிறந்த நாள் முதலாக எந்தக் கேள்வியையும் சும்மா விட்டறியாதவள், கையை உயர்த்தி, 'பொறுங்க' என்று சைகை காட்டினாள். அவர் புருவம் உயர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பஞ்சை அழுத்தாமல் உருட்டினாள். கரி வந்தது. அடுத்த பஞ்சு, கரி மட்டுமே. முதலில் நீலச் சட்டையின் காலர் தெரிந்தது, அதற்கு மேலே ஊதுகொம்பு ஊதுகிறவனின் உப்பிய கன்னம், அதில் ரோஜா நிறம் நேற்றுத் தீட்டியதுபோல.

தேர்வாளர் அழுக்குப் பஞ்சுகளை வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தார். ஒன்றிலும் நீலம் இல்லை.

"இப்ப சொல்லலாம்."

சொன்னாள். வார்னிஷில் தொடங்கி அரங்கின் வரலாறுவரை போய்விட்டாள்.

"போதும்மா, பாஸ். மிச்சத்தை ஆய்வேட்டுல எழுதுங்க."

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து ஃபோனில் அக்காவிடம், "நடுவுல கேள்வி கேட்டாங்கக்கா. நான் வாயே திறக்கலை" என்றாள்.

"பாஸானதை நம்பறேன்டி. இதை மட்டும் வெளிய சொல்லாத. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

ஃபோனை வைத்த கையோடு, பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்தே சொல்ல ஆரம்பித்தாள்.