புல்லு மருந்து

கடலைக் காப்பாற்றுகிறவர்கள் எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். கடல் ஆராய்ச்சியில் இப்போது அதுதான் புதுப்போக்கு. பவளப்பாறை ஏன் சாகிறது என்று கடலுக்குள் மட்டும் தேடாமல், ஆற்றோடு மேலே வந்து, எந்தத் தோட்டத்திலிருந்து மண்ணும் ரசாயனமும் கீழே இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருந்த நான்தான், ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே அவர்களைக் கூட்டிப்போனேன்.

கேள்வித்தாளைத் தமிழில் எழுதியதும் நான்தான். 'நீங்கள் களைக்கொல்லி கையாளுகிறீர்களா?' குழுத் தலைவரான பேராசிரியர் முன்னால் என் தமிழைக் காட்ட வேண்டுமே! காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் பேர் கொடுக்கும்போது தாளை நீட்டினோம். மருந்தடிக்கிற பெண்கள் எல்லாரும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். பத்து வருஷமாக முதுகில் மருந்து டாங்கி சுமக்கும் என் அக்காவும் அப்படித்தான். பல்கலைக்கழகம் திரும்பித் தாள்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். உடனே போன் போட்டேன்.

"ஏன்க்கா இப்படிப் போட்ட?"

"கொல்லியெல்லாம் யாரு அடிக்கிறா? நாங்க புல்லு மருந்துதானே அடிக்கிறோம் லா."

என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மருந்து, மருந்து என்று கேட்டே வளர்ந்தவள் நான். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவான் எந்தத் துரையோ, அவன் மேலும் ஆத்திரம் வந்தது.

திருத்தணும் என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன். "ஆற்றுத் தண்ணீரில் ரசாயனம் கிடைத்துவிட்டது, நமக்கு அது போதும். நம் விஷயம் கடல்" என்றார். அறிக்கை அப்படியே வெளியானது. தோட்டத்து ஆபீசுக்கும் ஒரு பிரதி போனது.

அக்காவுக்குக் கண் எரிச்சல். காலையில் இமையைப் பிரிக்கவே முடியாது. தன்னைக் கொழுந்தெடுக்க மாற்றிவிடச் சொல்லி, ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் போயிருக்கிறாள்.

"யாரும் களைக்கொல்லி தொடுறதில்லன்னு நீங்களேதானே எழுதிக் கொடுத்தீங்க? அப்புறம் கண்ணு எப்படி எரியும்?" என்று அறிக்கையைத் தூக்கிக் காட்டினாராம். தினமும் காலையில் அவளுக்கு டாங்கியை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவரே அவர்தான்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நான் போனில் கத்தினேன். கிராணியை, பேராசிரியரை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேள்வியெல்லாம் தமிழ்ல எழுதினது யாருன்னு கிராணி கேட்டாரு. என் தங்கச்சின்னு சொன்னேன்" என்றாள்.

அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் பெருமை இருந்தது.