பலகையில் பிறந்த வித்வான்கள்

இசக்கியப்பன் காபி கிளப் வாசலில் தொங்கிய கரும்பலகை ஒரு காலத்தில் யோக்கியமான பலகையாகத்தான் இருந்தது. இட்லி, தோசை, உளுந்த வடை என்று எழுதியிருக்கும்; உள்ளே போனால் அவை இருக்கும். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் தூத்துக்குடிக்கு வருகிற அரிசி நின்றது. இட்லியும் தோசையும் போயின. உளுந்து கிடைத்த நாளில் எண்ணெய் கிடைக்காமல் வடையும் போயிற்று. 1942 மார்கழியில் கடையில் மிஞ்சியது கருப்பட்டி போட்ட சுக்குக் காபி மட்டும்தான். அதைப் பலகையில் எழுத வேண்டியதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் பலகை வெறுமனே தொங்குவது இசக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் விடிந்ததும் சாக்குக்கட்டியை எடுத்து எழுதிவிட்டார்: 'இன்று, பீச் ரோட்டில் முதல் மோட்டார் கார் மாட்டின் மேல் மோதிய நாள். மாடு பிழைத்தது.'

மறுநாள், 'இன்று, தவில் வித்வான் ஏரல் பேச்சிமுத்து பிறந்த நாள்.' அதன் பிறகு தினம் ஒன்று. சரித்திரம் கிடைத்தால் சரித்திரம். கிடைக்காவிட்டால் எங்கேயாவது ஒரு சங்கீத வித்வான் அன்றைக்குப் பிறந்தே தீர வேண்டும்.

தூத்துக்குடிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரன் சிரிப்பான். வாடைக்காற்று கொஞ்சம் வீசும், தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே ஊர் கூடி உட்கார்ந்து பேசும். திரேஸ்புரத்துப் பாஸ்கல், கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போகிற தோணிக்குத் தலைவரான தண்டல். தோணி பழுதாகிக் கரையேறி நின்றதால் அவரும் கடை பெஞ்சில் கரையேறி நின்றார். தவில் பிறந்த நாளன்று அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, பேச்சிமுத்து எனக்குத் தெரிஞ்ச ஆளுல்லா? ஆயில்ய நட்சத்திரம்னு மட்டும் சொல்லுவாரு. பொறந்த தேதி அவருக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக்காவது பொறந்திருப்பாருல்லா? இன்னைக்கு இடம் காலியா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன். இதுல அவருக்கு என்ன நட்டம்?"

பாஸ்கல் யோசித்துப் பார்த்தார். நட்டம் ஒன்றும் இல்லைதான். அன்று முழுவதும் பேச்சிமுத்துவின் வாசிப்பு, அவர் சாப்பிடுகிற அளவு, அவருடைய இரண்டு சம்சாரங்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. வெறும் சுக்குக் காபிக்கு அன்றைக்கு வந்த கூட்டம் இட்லி இருந்த காலத்தில்கூட வந்ததில்லை.

எவனோ பொறாமைக்காரன் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டான். கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யாரும் வெளியே பேசக் கூடாது என்று யுத்த உத்தரவு. காபிக் கடைப் பலகை ஜப்பான்காரனுக்குச் சங்கேதத்தில் கப்பல் விவரம் சொல்லுகிறது என்றது கடிதாசி. ஜப்பான்காரன் ஏன் இசக்கியப்பன் கடை வாசலுக்கு வந்து படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் செல்வதுரை கேட்கிற ரகம் இல்லை. அவருக்குப் பதவி உயர்வு வேண்டும். அதற்கு ஒரு சதி வேண்டும். சங்கீதம் தெரிந்த போலீஸ்காரன் ஒருவனைத் தேடினார். மாகாணத்தின் மறுகோடியில், பெல்லாரியில் ஒருவர் அகப்பட்டார். அவர்தான் கிருபாநிதி.

கிருபாநிதி பெல்லாரிக்குப் போன கதையை அவர் வாயால் கேட்கக் கூடாது, அழுதுவிடுவார். சென்னையில் போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த மனிதர். ஒரு பெரிய துரையை வரவேற்கிற நாளில், வரிசையில் நிற்கிறபோதே சட்டைப் பையில் இருந்த கடலை மிட்டாயை ஒரு கடி கடித்தார். முன்பல் இரண்டும் மிட்டாயோடு போய்விட்டன. அடுத்த நிமிஷம் ராஜாவுக்கு வாழ்த்து வாசிக்க வேண்டும். வாசித்தார். கிளாரினெட்டிலிருந்து கொதிக்கிற கெட்டில் சத்தம்தான் வந்தது. பேண்டு போயிற்று, பெல்லாரி வந்தது. சம்சாரம் ஜெயபாய்க்குத் தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. கல்யாணம் ஆகியும் வருஷத்துக்கு ஒரு தரம் விருந்தாளி மாதிரி வந்து போனார்.

இப்போது இந்தப் பலகையின் புண்ணியத்தில் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறார். கேஸ் இருக்கிறவரை தூத்துக்குடி, கேஸ் முடிந்தால் பெல்லாரி. செல்வதுரை முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார்.

உப்பு ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு, பேரை மட்டும் மாற்றாமல், மல்வேட்டி கட்டி, கடைக்கு வந்து உட்கார்ந்தார் கிருபாநிதி. ஒரு வாரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பலகையில் சதி இல்லை, சுத்தமான பொய் மட்டும்தான் இருந்தது. அதை அப்படியே எழுதி அனுப்ப வேண்டியதுதான் நியாயம். வீட்டில் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயபாய் சுளகில் கிடந்த ரேஷன் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதப் போறிய?" என்று கேட்டாள்.

"உண்மையத்தான்."

"எழுதிட்டா?"

"பெல்லாரி."

அவள் இன்னொரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அதோடு கிருபாநிதியின் நியாயமும் போய்விட்டது. பேனாவை எடுத்து, 'தவில் என்பது போர்க்கப்பல் என்று பலமாகச் சந்தேகிக்கப்படுகிறது' என்று எழுதினார்.

முதல் பொய்யை எழுதுவதுதான் சிரமம். அடுத்த வாரம் நாயனம் நீர்மூழ்கியாயிற்று. பிடில் உப்புத் தோணி. வாய்ப்பாட்டுக்காரர்கள் எல்லாம் எண்ணெய்க் கப்பல்கள், அதிலும் ஆண்குரல் என்றால் மண்ணெண்ணெய். பீச் ரோட்டு மாடு மட்டும் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. 'விசாரணையில் உள்ளது' என்று போட்டார். இன்ஸ்பெக்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ரிப்போர்ட்டுகளில் தன் கையெழுத்தைப் போட்டு மதுரைக்கு அனுப்பினார். "இவன்யா போலீஸ்காரன்!" என்று ஸ்டேஷனே கேட்கச் சொன்னார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அதற்குள் கிருபாநிதிக்கு வேறொரு வியாதி பிடித்துவிட்டது. விடிந்தால் கடைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. இன்று யார் பிறந்திருக்கிறார் என்று பார்க்காமல் பல் விளக்க மனம் வரவில்லை, இருந்த பல்லைத்தான். 'இன்று, கடைசி முத்துக்குளிப்புச் சிலாபத்தில் ஒருவன் சிப்பிக்குள் முத்துக்குப் பதிலாகச் சட்டைப் பித்தானைக் கண்டெடுத்த நாள்' என்று எழுதியிருந்த அன்று, முத்துக் குளிக்கிறவன் சட்டையே போடமாட்டானே, பித்தான் எப்படிக் கடலுக்குள் போனது என்று மத்தியானம் வரை வாதாடினார். பிடிலைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் பொறுக்கமாட்டார், உப்பு ஏஜெண்ட் என்பதை மறந்து சுரம் சொல்லித் திருத்துவார். ஒரு வாடை நாளில் பாஸ்கல், "வாயில வச்சு ஊதுத சீவாளி நாயனத்துக்கு மட்டும்தானா?" என்று கேட்கப் போக, கிளாரினெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் காபி ஆறிப் பாலாடை கட்டுகிறவரை நிறுத்தவில்லை. கருப்பட்டிக் காபியில் ஏது பாலாடை என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு இசக்கியப்பன் அவருக்கு மட்டும் பால் ஊற்றியிருந்தார்.

அடுத்த மார்கழியில் செல்வதுரை அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது.

"மதுரையில இருந்து உத்தரவு வந்துட்டுய்யா. நாளைக் காலையில அந்தக் காபிக்கடைக்காரனைத் தூக்குதோம். பாதுகாப்புச் சட்டம். யுத்தம் முடியிறவரை வெளிய வர முடியாது. எல்லாம் உன் ரிப்போர்ட்டாலதான். எனக்குப் பிரமோஷன், உனக்கு இங்கனயே நிரந்தர டியூட்டி."

கிருபாநிதி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். கால் நேரே கடைக்குப் போயிற்று. பொழுது சாய்கிற நேரம். இசக்கியப்பன் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பலகையில ஒண்ணும் எழுதாதிய. பலகையைக் கழத்தி உள்ள வச்சிருங்க. ஊருக்குப் போறதா இருந்தாலும் இன்னைக்கே போயிருங்க."

"நாளைக்கா? நாளைக்கு முக்கியமான நாளுல்லா! பூகூடச் சொல்லியாச்சு."

"சொன்னாக் கேளுங்க அண்ணாச்சி, ஒங்க காலைப் பிடிக்கேன்."

"காலையில வாங்க. வராம இருந்துறாதிய," என்று சிரித்துக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பிவிட்டார் இசக்கியப்பன். அதற்கு மேல் சொன்னால், தான் போலீஸ்காரன் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கிருபாநிதிக்கு நாக்கு எழவில்லை. தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

காலையில் ஜீப் வந்து நின்றது. செல்வதுரை இறங்கினார், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். கிருபாநிதி மல்வேட்டியோடு ஏற்கெனவே பெஞ்சு ஓரத்தில் வேர்த்துப்போய் நின்றிருந்தார். பலகைக்குக் கதம்ப மாலை போட்டிருந்தது. தலை நிமிர்ந்து படிக்க இன்னும் அவருக்குத் தெம்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர்தான் உரக்கப் படித்தார்.

"'இன்று, கிளாரினெட் வித்வான் கிருபாநிதி அவர்கள் பிறந்த நாள். அனைவருக்கும் காபி இனாம்.'"

கடையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். பாஸ்கல் விசில் அடித்தார். இன்ஸ்பெக்டர் கிருபாநிதியைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு பேசினார்.

"உன் பேரையே போட்டுருக்கான் பாத்தியா? போலீசுக்கே சவால் விடுதான்யா! இது ஒண்ணு போதும், ஆயுசுக்கும் உள்ள தள்ளிரலாம். ஆமா, கிளாரினெட்டு புதுசால்லா இருக்கு. அது என்ன கப்பல்?"

ஒரு கப்பல் பெயர் சொன்னால் போதும். எந்தக் கப்பலையாவது. தூத்துக்குடியும் ஜெயபாயும் ஒரே வீடும் நிரந்தரம். கிருபாநிதி பலகையைப் பார்த்தார். 'வித்வான்' என்ற எழுத்து மற்ற எழுத்துக்களைவிடப் பெரிதாக இருந்தது. பல் போன நாளிலிருந்து ஒருவரும் அவரை அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. பல் இருந்த நாளிலும் கூப்பிட்டதில்லை.

"அது கப்பல் இல்ல சார். நான்தான்," என்றார்.

"நீயா?"

"நான்தான் சார் வாசிச்சேன், பேண்டுல."

"அப்போ நாயனம்? நீர்மூழ்கின்னு எழுதினியே?"

"நாயனம் நாயனம்தான் சார்."

"தவில்?"

"தவிலும் தவில்தான் சார். நான் எழுதினது பூராவும் பொய்யி. பெல்லாரிக்குப் போக மனசில்லாம எழுதினேன்." காதோடு சொல்ல ஆரம்பித்தது கடை முழுக்கக் கேட்கிற குரலாக ஏறியிருந்தது.

"பேச்சிமுத்துவையா கப்பலுன்னு எழுதினிய?" என்று கேட்டார் இசக்கியப்பன், ரொம்பவும் மனம் நொந்து.

"போர்க்கப்பலு," என்றார் கிருபாநிதி.

"அவரு உடம்புக்குச் சரிதான்," என்றார் பாஸ்கல்.

செல்வதுரையின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வருஷ ரிப்போர்ட்டும் அவர் கையெழுத்தோடு மதுரையில் இருந்தது. இசக்கியப்பனைப் பிடித்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் மாடு வரைக்கும் வெளியே வரும். வேவு பார்க்கப் போனவனுக்குச் சதிகாரர்கள் பிறந்த நாள் கொண்டாடினார்கள் என்று ஜில்லாவே சிரிக்கும். அவர் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இசக்கியப்பன் ஒரு தம்ளரை அவர் முன்னால் வைத்தார். குடித்துவிட்டு எழுந்து, "கேஸ் முடிஞ்சுட்டு. சாயந்தரம் வந்து டிரான்ஸ்பர் உத்தரவை வாங்கிக்கோ," என்று கிருபாநிதியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் கிருபாநிதி இசக்கியப்பன் பக்கம் திரும்பினார்.

"நான் போலீசுன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"வந்த அன்னைக்கே தெரியும். உப்பு என்ன விலைன்னு பாஸ்கல் கேட்டதுக்கு, நல்ல விலைன்னு சொன்னியல்லா?"

"தெரிஞ்சுமா காபி குடுத்திய?"

"போலீசுக்குக் குளிராதா?"

கிருபாநிதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இன்னைக்கு என் பொறந்த நாளு இல்லியே."

"தெரியும். டீச்சரம்மாட்ட கேட்டேன். வைகாசின்னு சொன்னாவ." இசக்கியப்பன் தம்ளரை அவர் கையில் கொடுத்தார். "போலீசுக்காரங்களை எப்போ எங்கன தூக்கிப் போடுவான்னு யாருக்குத் தெரியும்? வைகாசி வரைக்கும் நீங்க இங்கன இருப்பியளோ என்னவோன்னுதான் முன்னாலயே பொறக்க வச்சிட்டேன்."

கிருபாநிதி அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதார். பாஸ்கல் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதில் மீன் வாடை பொறுக்க முடியாமல் இருந்தது. கிருபாநிதி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவர் பெல்லாரிக்கு ரயில் ஏறினார். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து ஜெயபாயோடு குடித்தனம் நடத்த முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் பிறந்த நாள் மார்கழியில்தான். வைகாசி வருகிறபோது ஜெயபாய்க்கு வருஷா வருஷம் கோபம் வரும். மாமியார் பெற்ற நாளைக் காபிக்கடைக்காரர் எப்படி மாற்றலாம், கோயில் புத்தகத்தில் ஞானஸ்நானத் தேதியே இருக்கிறதே என்பாள்.

"இருக்கட்டும் ஏளா," என்பார் கிருபாநிதி. "நான் பொறந்த அன்னைக்கு எனக்கு அங்கன ஒருத்தரையும் தெரியாதே."