லாச்சப்பலில் ஒரு பிரியாவிடை

பாரிஸின் லாச்சப்பல் பகுதி, ரூ பெர்தொனே தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கொத்து ரொட்டி அடிக்கும் சத்தத்தை மீறித் தொலைக்காட்சி கத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்று லண்டன் பாராளுமன்றம் இன்றும் வாக்கெடுக்கிறது. கடைக்காரர் யோகனின் தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை. சுற்றிலும் நண்பர்கள்.

"கல்யாண நாளா அண்ணா?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கிறேன்.

"இல்லைத் தம்பி, பிரியாவிடை. தமக்கையோட லண்டனில போய் இருக்கப்போறார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரருக்கு அங்கை என்ன முடிவெண்டு தெரியாமல் கடையை விக்கேலாது எண்டு அவற்றை மனிசி சொல்லிப்போட்டா. அதால ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் நாங்கள் வழியனுப்ப வாறம்."

"தோத்துப் போச்சுன்னா?"

"சாப்பிட்டுட்டுப் போவம்."

திரையில் முடிவு வருகிறது. ஒப்பந்தம் மறுபடியும் தோல்வி.

"போறதெண்டால் போங்கோவன், இருக்கிறதெண்டால் இருங்கோவன். ஏன் எங்களைப் போட்டு வதைக்கிறியள்?" என்று ஒருவர் திரையைப் பார்த்து ஏசுகிறார். கடையே சிரிக்கிறது.

யோகன் பொன்னாடையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து, போர்த்தியவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். "கவனமா வைச்சிரும். திரும்பவும் வோட்டு வைப்பாங்கள்."

இவ்வளவு நேரமும் கொத்து அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கேட்காமலே ஒவ்வொரு தட்டிலும் ஒரு வடை வைத்துக்கொண்டு வருகிறார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என் தட்டில் மட்டும் இரண்டு.

"வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. இண்டைக்கும் நாங்கள் போகேல்லை."